இல்லம், மரதன், பெருஞ்சமர்: ஆண்கள் கல்லூரியின் முதலாந் தவணைக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

எங்கள் மூத்தவனுக்கு யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்கள் கல்லூரியில் தரம் 6 இல் இடம் கிடைத்தபோது கொப்பி, புத்தகப் பை, வெள்ளைச் சேட்டு, கறுப்புச் சப்பாத்து எல்லாம் வாங்கி முடித்துவிட்டு, இனிப் படிப்புத்தானே என்று நிம்மதியாக இருந்தேன். இரண்டாவது கிழமை ஒருநாள் பின்னேரம் வந்து நின்றான். "அம்மா, நாளைக்கு எனக்கு மஞ்சள் ரீசேட் வேணும்." ஏன் என்று கேட்டால் அவனுக்கும் சரியாகத் தெரியவில்லை. "இல்லத்துக்கு" என்றான். எந்த இல்லம், யார் சொன்னது, எத்தனை மணிக்கு, ஒன்றும் தெரியாது. கடை பூட்டுகிற நேரம் ஓட்டோ பிடித்து ஓடியது இன்னும் நினைவிருக்கிறது.

நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்னக் கலவன் பாடசாலையில் படித்தவள். எங்களுக்கு விளையாட்டுப் போட்டி என்றால் ஒரு கிழமைப் பயிற்சி, ஒருநாள் போட்டி, அதோடு சரி. இங்கே அப்படி இல்லை. பெரிய ஆண்கள் கல்லூரிகளில் முதலாந் தவணை முழுவதையும் விளையாட்டும் விழாவும் சாப்பிட்டுவிடும். பொங்கல் விழா, இல்லத் தெரிவு, மரதன், தகுதிகாண் ஓட்டங்கள், அணிநடைப் பயிற்சி, இல்ல அலங்காரம், விளையாட்டுப் போட்டி, கிரிக்கெட் பெருஞ்சமர், தமிழ்த் தினத்துக்கான ஆள் தெரிவு, கடைசியில் தவணைப் பரீட்சை. இப்போது இரண்டாவது பெடியனும் அங்கேதான் படிக்கிறான். வெளியூரிலிருந்து புதிதாக வருகிற அம்மாமார், அப்பாமார் வாசலில் நின்று என்னிடம் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் இல்லத்தைக் கண்டுபிடியுங்கள்

வகுப்பாசிரியரின் பெயரைக் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டியது இது: "தம்பி எந்த இல்லம்?" முதலாந் தவணையில் உங்கள் மகனின் பின்னேரங்களைத் தீர்மானிப்பது வகுப்பு அல்ல, இல்லம்தான். மாணவர்கள் நான்கைந்து இல்லங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பார்கள். ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு நிறம், பொறுப்பாசிரியர்கள், உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் இல்லத் தலைவராக. இல்லங்களுக்குக் கல்லூரியோடு தொடர்புள்ள பழையவர்களின் பெயர்களை வைப்பது வழக்கம். யாழ் இந்துக் கல்லூரியில் காசிப்பிள்ளை, நாகலிங்கம், பசுபதி என்றால், பரி. யோவான் கல்லூரியில் ஹண்டி, பீற்றோ, தொம்சன் என்று இருக்கும். பழைய மாணவர்கள் சந்தித்தால் எந்த ஆண்டுத் தொகுதி என்று கேட்ட கையோடு எந்த இல்லம் என்றும் கேட்பார்கள். எழுபது வயது மனிதர்கள்கூட.

பிரிப்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். சில இடங்களில் அனுமதி இலக்கத்தின்படி பிரிப்பார்கள், சில இடங்களில் அண்ணன் இருந்த இல்லம், அப்பா இருந்த இல்லம் என்று போகும். குடும்பத்தில் யாராவது அங்கே படித்திருந்தால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு மாற்றித் தாருங்கள் என்று போய் நின்றால் யாரும் விரும்பமாட்டார்கள்.

நிறம் தெரிந்ததும் உடனே ரீசேட் வாங்க ஓடாதீர்கள். நான் வாங்கியது வேறு மஞ்சள். இல்லம் இரண்டு கிழமை கழித்துத் தானே பெயர் அச்சடித்த ரீசேட் தந்தது, அதற்கும் காசு கொடுத்தேன். பயிற்சிக்கு எந்த நிறமும் போதும். "அண்ணாமார் திட்டுவினம்" என்று பெடியன் சொன்னால், பொறுப்பாசிரியரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பாதிக்கு மேல் அண்ணாமாரின் வாய்ச் சவடால்தான்.

நாட்களைக் குறித்துவைப்பது

குசினிச் சுவரில் ஒரு பெரிய நாட்காட்டி தொங்கவிடுங்கள். கைபேசியில் குறித்தால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். சுவரில் என்றால் பெடியனும் பார்ப்பான், அப்பம்மாவும் பார்த்து நினைவூட்டுவா. திகதிகளைப் பென்சிலால் எழுதுங்கள். இது பகிடி இல்லை. பிரதம விருந்தினருக்கு வசதியில்லை என்றும், மழை என்றும், கல்வி வலயத்துப் போட்டி குறுக்கே வந்தது என்றும் திகதி தள்ளிப்போகும். கொரோனாவுக்குப் பிறகு சில ஆண்டுகள் தவணை தொடங்கும் மாதமே முன்பின்னாகப் போனது. ஆகவே போன வருடம் எப்போது நடந்தது என்று அடுத்த வீட்டில் கேட்டு லீவு போடாதீர்கள்.

குறிக்க வேண்டியவை: பயிற்சி நாட்கள் (எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதோடு), மரதன், இல்லத்தின் தகுதிகாண் நாட்கள், இறுதிப் போட்டி, பெருஞ்சமர், தவணைப் பரீட்சை தொடங்கும் நாள். பரீட்சையை மட்டும் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். அது எல்லாருக்கும் கடைசியில்தான் நினைவுக்கு வரும்.

ரியூசன் மோதும், நிச்சயம் மோதும். தரம் 6 பிள்ளைக்குப் பின்னேரம் மூன்று ரியூசன் போட்டிருந்தால், இந்தத் தவணைக்கு ஒன்றைக் கைவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். கணக்குக்கு மட்டும் சனி காலையில் ஒரு வகுப்பு வைத்தோம், மற்றவை சித்திரைக்குப் பிறகு என்று விட்டோம். ஒன்றும் குறைந்து போகவில்லை.

பெற்றோர் வட்ஸ்அப் குறூப் பற்றி ஒரு சொல். நாளைக்குப் பயிற்சி இருக்கா இல்லையா என்று அங்கே கேட்டால் நான்கு பேர் இருக்கு என்பார்கள், மூன்று பேர் இல்லை என்பார்கள், ஒருவர் காலை வணக்கம் போடுவார். பெடியனின் இல்லத்தில் படிக்கும் தரம் 9, 10 அண்ணன் ஒருவரின் வீட்டு இலக்கத்தை வாங்கி வைத்திருங்கள். சரியான செய்தி அங்கேதான் கிடைக்கும்.

எந்த நிகழ்ச்சியில் சேர்ப்பது?

நான் விட்ட பெரிய பிழை இதில்தான். மூத்தவன் கொஞ்சம் நெட்டையன். ஓடுவான், பாய்வான் என்று நானே பொறுப்பாசிரியரிடம் போய் ஆறு நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னேன். சேர் சிரித்துவிட்டு, "அம்மா, ஒருத்தருக்கு இத்தனைதான் என்று கணக்கு இருக்கு" என்றார். ஒருவர் எத்தனை தனி நிகழ்ச்சியில் பங்குபற்றலாம் என்ற வரம்பு எல்லாக் கல்லூரியிலும் உண்டு, அஞ்சலோட்டம் அதற்கு வெளியே. முதல் வருடத்துக்கு ஓர் ஓட்டம், ஒரு மைதான நிகழ்ச்சி போதும்.

பிரிவு வயதுப்படிதான். 12 வயதுக்குக் கீழ், 14 வயதுக்குக் கீழ் என்று இரண்டிரண்டாக ஏறும். எந்தத் திகதியை வைத்து வயதைக் கணிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரே வகுப்பில் அடுத்தடுத்த வாங்கில் இருக்கும் இருவர் வெவ்வேறு பிரிவில் வரக்கூடும். பெரிய பிரிவில் விழுந்த சின்னப் பிள்ளைகள் முதல் வருடம் கடைசியாகத்தான் வருவார்கள். அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சின்னப் பெடியன்களுக்குப் பொருத்தமானவை குறுந்தூர ஓட்டம், நீளம் பாய்தல், அஞ்சலோட்டம். அஞ்சலோட்டத்தில் வேகத்தைவிடக் கோல் மாற்றுவதுதான் வெல்ல வைக்கும். அதை வீட்டு முற்றத்தில் அப்பாவோ தம்பியோ ஒரு கட்டை உருளியை வைத்துக்கொண்டு பழக்கலாம். ஓடிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னுக்கு நீட்டி வாங்க வேண்டும். ஒரு கிழமை விளையாட்டாகச் செய்தால் பழகிவிடும். குண்டு போடுதல், ஈட்டி எறிதல் எல்லாம் ஆசிரியர் பக்கத்தில் நின்றால் மட்டும். பயிற்சி முடிந்த பிறகு தாங்களாக ஈட்டி எறிந்து பார்க்கும் பெடியன்களுக்குள் உங்கள் மகன் இருக்கக்கூடாது என்பதை அன்றே சொல்லிவிடுங்கள்.

உயரம் பாய்தல் என்று ஒரு பிள்ளை கேட்டால் மட்டும் எனக்கு மறுக்க மனம் வராது. யாழ்ப்பாணத்தில் அதற்கு ஒரு கதை இருக்கிறது. யாழ் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956 இல் மெல்பேர்ணிலும் இலங்கைக்காகப் பாய்ந்தவர். 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். உடற்பயிற்சி சேர்மார் இதைச் சொல்லித்தான் பெடியன்களைக் கம்பத்தடிக்குக் கொண்டுவருவார்கள். சொல்லட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது, விழுகிற இடத்தில் நல்ல மெத்தை இருக்கிறதா என்பதை.

இன்னொன்று, யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை. பல கல்லூரிகளில் இறுதிப் போட்டிக்கு முன்பே ஒரு குறைந்தபட்ச அடைவு மட்டம் வைத்திருப்பார்கள். இத்தனை செக்கனுக்குள் ஓடினால், இத்தனை மீற்றர் பாய்ந்தால், யாராக இருந்தாலும் இல்லத்துக்கு ஒரு புள்ளி. முதலாவதாக வரத் தேவையில்லை, யாரையும் தோற்கடிக்கவும் தேவையில்லை. இல்லத்தில் நூறு பெடியன்கள் ஆளுக்கொரு புள்ளி எடுத்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். சில வருடங்களில் வெற்றிக் கேடயத்தைத் தீர்மானிப்பதே இந்தச் சில்லறைப் புள்ளிகள்தான். "எனக்கு ஓடத் தெரியாது" என்று ஒதுங்கி நிற்கிற பிள்ளையை இதற்காவது அனுப்புங்கள். என் இரண்டாவது பெடியன் முதல் வருடம் எடுத்தது ஒரேயொரு புள்ளி, அதை இன்றைக்கும் சொல்லித் திரிகிறான்.

சப்பாத்து, சாப்பாடு, வெயில்

ஓடுவதற்கு விலை கூடிய சப்பாத்து வேண்டாம். ஆணிச் சப்பாத்தும் வேண்டாம், சின்னப் பிரிவுகளில் அதை அணிய விடவும் மாட்டார்கள். காலுக்கு அளவான சாதாரண கன்வஸ் சப்பாத்துப் போதும். "வளருகிற பிள்ளை" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் குதிக்கால் உரிந்து வீட்டுக்கு வரும். வெறுங்காலோடு ஓடுகிறேன் என்று சொல்லும் பிள்ளையைத் தடுக்காதீர்கள், புல் உள்ள மைதானமாக இருந்தால்.

பயிற்சி இருக்கும் நாட்களில் மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொடுங்கள். பசியோடு நிற்கும் பிள்ளை சிற்றுண்டிச்சாலையில் ரோல்ஸையும் சோடாவையும் வாங்கி வயிற்றை நிரப்பிக்கொண்டு ஓடும். பயிற்சிக்கு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் முன்பு சோறோ பாணோ அளவாகச் சாப்பிட்டால் போதும். பிறகு ஒரு வாழைப்பழம் அல்லது தோடம்பழம். முட்டையும் கோழியும் ஓட்டத்துக்குப் பிறகு இரவில்.

தண்ணீர்தான் முக்கியம். மாசி, பங்குனி மாத யாழ்ப்பாண வெயில் சும்மா நிற்பவனையே வாட்டும். ஒரு லீற்றர்ப் போத்தல் ஒன்று காணாது, இரண்டு கொடுங்கள். பையைத் தூக்கப் பாரம் என்று முணுமுணுப்பான், பரவாயில்லை. நிறைய வியர்த்த நாளில் இளநீர் நல்லது, கிடைக்காவிட்டால் ஜீவனி (நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்புத் தூள்) பொதியை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். அளவைக் குறைத்துக் கெட்டியாகக் கரைக்க வேண்டாம். சக்தி பானம் என்று தகரத்தில் விற்பதை இந்த வயதில் வாங்கிக்கொடுக்கவே கூடாது.

தலைச்சுற்று, சத்தி, காலில் தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சப்பாத்தைக் கழற்றி, நனைத்த துணியால் கழுத்தையும் கக்கத்தையும் துடைத்து விசிறுங்கள். பிள்ளை தடுமாறிப் பேசினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டாலோ 1990 க்கு அழையுங்கள். அது இலவச அம்புலன்ஸ், நாடு முழுவதும் இருக்கிறது. துடைப்பதை நிறுத்தாமல் வாகனம் வரும்வரை செய்துகொண்டே இருங்கள்.

மரதன்

முதலில் பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர். பாடசாலை மரதன் சில கிலோமீற்றர் வீதியோட்டம் மட்டும், சின்னப் பிரிவுக்கு அதிலும் குறைந்த தூரம். வெள்ளென, வெயில் ஏற முன்பு வைப்பார்கள். வீதியெல்லாம் சனம் நின்று கைதட்டும், கடைக்காரர் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். ஊர் முழுவதும் பார்க்கிற ஒரே ஓட்டம் இதுதான்.

ஆனால் கவனமாக இருக்க வேண்டியதும் இதில்தான். 2024 மார்ச்சில் கிழக்கில் பாடசாலை மரதன் ஓடிய ஒரு மாணவன் உயிரிழந்த செய்தியை மறந்திருக்கமாட்டீர்கள். பிள்ளைக்கு மூச்சு இழுப்பு, இருதயப் பிரச்சினை, முன்பு ஓடும்போது மயங்கிய அனுபவம் ஏதாவது இருந்தால் வைத்தியரிடம் காட்டி எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். வாயால் சொன்னால் சேருக்கு முந்நூறு பிள்ளைகளுக்குள் நினைவிருக்காது. ஓட்டத்துக்கு முதல் நாள் காய்ச்சல் என்றால் ஓட விடவே வேண்டாம், எவ்வளவு அழுதாலும். இல்லத்துக்குப் புள்ளி போகட்டும்.

அன்று காலையில் ஓட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பாவது ஒரு வாழைப்பழமும் பால் இல்லாத தேத்தண்ணியும் மட்டும். நான் அன்பில் ஐந்து இடியப்பமும் சொதியும் கொடுத்து அனுப்பினேன். பிள்ளை முதலாவது சந்தியிலேயே மதிலோரம் நின்று சத்தி எடுத்தது. அதற்குப் பிறகும் நடந்து போய் முடித்தான் என்பது வேறு கதை.

கடைசியாக வருபவர்களுக்கும் புள்ளி உண்டா என்று கேளுங்கள். குறித்த நேரத்துக்குள் முடித்தவர்கள் எல்லாருக்கும் கொடுக்கிற கல்லூரிகள் இருக்கின்றன. அப்படியென்றால் முதல் கிலோமீற்றரைப் பாய்ந்து ஓட வேண்டிய அவசியமில்லை. மெதுவாகத் தொடங்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுப் பெடியன் கேட்கமாட்டான், ஆனாலும் சொல்லுங்கள்.

அணிநடையும் இல்ல அலங்காரமும்

விளையாட்டுப் போட்டியில் ஓடுகிறவர்கள் கொஞ்சப் பேர், மிச்சப் பேர் நடக்கிறவர்களும் கட்டுகிறவர்களும். அணிநடைக்கும் உடற்பயிற்சிக் கண்காட்சிக்கும் தரம் 6, 7 பிள்ளைகளைத்தான் அள்ளி எடுப்பார்கள். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளை ரீசேட், வெள்ளைச் சப்பாத்து. மூன்று கிழமை வெயிலில் இடது வலது. பயிற்சியில் மயங்கி விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் காலையில் சாப்பிடாமல் வருவதும், முழங்காலை இறுக்கிக்கொண்டு அசையாமல் நிற்பதும். முழங்காலைச் சற்றே தளர்த்தி, சப்பாத்துக்குள் கால்விரலை அசைத்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். யாருக்கும் தெரியாது.

இல்ல அலங்காரம் என்பது தனி உலகம். மைதானத்தின் ஓரத்தில் ஒவ்வோர் இல்லமும் தனக்கென ஒரு கொட்டில் போடும். கொட்டில் என்று நான் சொல்வது அடக்கமாக. மூங்கில், கமுகஞ் சலாகை, சாக்கு, தென்னோலை, கடதாசி மட்டை, சுண்ணாம்பு, சாயம் எல்லாம் சேர்ந்து கோட்டையாக, கப்பலாக, கோபுரமாக எழும்பும். இதற்கும் நடுவர், இதற்கும் புள்ளி. பெரிய அண்ணாமார் இரவிரவாக வேலை செய்வார்கள், பழைய மாணவர் யாராவது கொத்துரொட்டி வாங்கிக் கொடுப்பார். உங்கள் பிள்ளை தானும் நிற்கப்போகிறேன் என்று நிற்பான். ஆறரை, ஏழு மணி வரை விடுங்கள், அப்பாவோ மாமாவோ போய்க் கூட்டிவரட்டும். ஓலை கிழிக்கவும் சாயம் கலக்கவும் அந்த நேரம் போதும். இரவு தங்குவது தரம் 6 க்கு இல்லை என்பதில் உறுதியாக நில்லுங்கள். தங்க விடாததால் யாருக்கும் இல்லப்பற்றுக் குறைந்துவிடாது.

காசு கேட்பார்கள். முதலில் ரீசேட்டுக்கு, பிறகு அலங்காரத்துக்கு, பிறகு பாண்ட் வாத்தியத்துக்கு, பிறகு வெற்றி விழாவுக்கு. தவணை தொடங்கும்போதே உங்களால் எவ்வளவு முடியும் என்று ஒரு தொகையை ஒதுக்கிவைத்து, அது முடிந்தால் முடிந்தது என்று சொல்லிவிடுங்கள். காசுக்குப் பதிலாகப் பொருள் கொடுப்பது நல்லாகவே எடுபடும். வளவில் நிற்கும் தென்னோலை, பழைய சாக்கு, கயிறு, கடை வைத்திருந்தால் கடதாசிப் பெட்டிகள். நாங்கள் ஒருமுறை சைக்கிளில் கட்டி அனுப்பிய பத்து ஓலைக்கு இல்லத் தலைவர் வீட்டுக்கு வந்து நன்றி சொன்னார். நல்ல பெடியன். காசு கொடுத்த ஆட்களுக்கு அது கிடைக்கவில்லை.

போட்டி நாளன்று

இறுதிப் போட்டி பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகு தொடங்கும். விருந்தினரைப் பாண்ட் வாத்தியத்தோடு அழைத்து வருவது, கொடியேற்றம், தீபம், சத்தியப்பிரமாணம், அணிநடை என்று முதல் ஒரு மணித்தியாலம் போகும். பொறுமையில்லாதவர்கள் அதற்குப் பிறகு வரலாம், ஆனால் உங்கள் பிள்ளை அணிநடையில் இருந்தால் அந்த ஒரு மணித்தியாலம்தான் உங்களுக்குரியது. குடையோ தொப்பியோ கொண்டுபோங்கள். பந்தல் நிழல் அழைப்பிதழ் பெற்றவர்களுக்குப் போய்விடும், மற்றவர்கள் மரத்தடியை முந்திப் பிடிக்க வேண்டும்.

ஓட்டச் சுவட்டுக்குள் இறங்காதீர்கள். படமெடுக்க என்றும் இறங்காதீர்கள். முடிவுக் கோட்டுக்கருகில் நின்று நான் ஒருமுறை பெயர் சொல்லிக் கத்தினேன், பெடியன் திரும்பிப் பார்த்தான், அந்த ஒரு திருப்பத்தில் இரண்டாமிடம் நான்காமிடமானது. வீட்டுக்கு வரும்வரை கதைக்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து நான் அவனுடைய இல்லத்து அம்மாமாரோடு தூரத்தில் இருந்து இல்லத்தின் பெயரைத்தான் கத்துகிறேன்.

நடுவர் தீர்ப்பில் ஐயம் இருந்தால் அதைக் கேட்க வேண்டியவர் இல்லப் பொறுப்பாசிரியர். அவர் முறைப்பாடு கொடுப்பார், அல்லது விட்டுவிடுவார். பெற்றோர் மேசைக்குப் போய்ச் சண்டை பிடித்தால் பிள்ளைதான் அடுத்த நாள் வகுப்பில் பகிடி தாங்க வேண்டும்.

கயிறிழுத்தல், பழைய மாணவர் ஓட்டம், பெற்றோர் ஓட்டம், வினோத உடை எல்லாம் நடுவில் வரும். பெற்றோர் ஓட்டத்தில் ஓடும் அப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள்: இருபது வருடம் ஓடாத காலோடு முழு வேகத்தில் பாயாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருவர் இரண்டு கிழமை நொண்டினார்.

பெருஞ்சமர்

மார்ச் மாதம் யாழ்ப்பாண நகரம் ஒரு மூன்று நாள் கிரிக்கெட்டுக்காக நிற்கும். யாழ் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் மோதும் "வடக்கின் பெருஞ்சமர்". முதல் ஆட்டம் 1904 இல். போரும் கொரோனாவும் சில ஆண்டுகளை விழுங்கியதால் ஆண்டுக் கணக்கும் போட்டிக் கணக்கும் ஒன்றாக வராது, அதைக் கேட்டுக் குழம்பவேண்டாம். ஆட்டம் மத்திய கல்லூரி மைதானத்தில், பொது நூலகத்துக்குப் பக்கத்தில். கனடா, இலண்டன், அவுஸ்திரேலியாவிலிருந்து பழைய மாணவர்கள் இதற்கென்றே விமானம் ஏறுவார்கள். புனித பத்திரிசியார் கல்லூரிக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் "பொன் அணிகளின் போர்" இருக்கிறது. மற்றக் கல்லூரிகளுக்கும் அப்படி ஒவ்வோர் எதிராளி உண்டு. உங்கள் கல்லூரிக்கு யார் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கல்லூரி நிறத்தில் சேட்டுப் போட்டு அனுப்பிவிடுவீர்கள்.

தரம் 6 பெடியன் விளையாடப்போவதில்லை, பார்க்கத்தான் போகிறான். முதல் வருடம் யாராவது பெரியவரோடு ஒரு நாள் மட்டும் அனுப்புங்கள், கடைசி நாள் வேண்டாம். கடைசி நாள் முடிவு நெருங்கும்போது நெரிசல், மேளம், மைதானத்துக்குள் பாய்ச்சல், வீதியில் வாகன ஊர்வலம் என்று சின்னப் பிள்ளைக்குரிய இடமாக இருக்காது. முதல் நாள் காலை அருமையாக இருக்கும். கச்சான் வாங்கிக்கொடுத்து, எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டால் மத்தியானம் வரை எழும்பமாட்டான். கடைகளில் காசு சேர்க்கப் போகும் பெரிய பெடியன்களோடு சேர விடாதீர்கள், கல்லூரிகளே அதை விரும்புவதில்லை.

கிரிக்கெட்டில் சேர ஆசைப்பட்டால், பெருஞ்சமர் முடிந்து கிழமை கழித்துச் சின்னப் பிரிவுப் பயிற்சியாளரைப் பாருங்கள். மார்ச்சில் அவருக்கு உங்களோடு கதைக்க நேரம் இராது. தோல் பந்துக்குத் துடுப்பு முதலில் வாங்க வேண்டியதில்லை. தலைக்கவசமும் கீழ்ப் பாதுகாப்பும்தான் முதலில். துடுப்பு, கால் காப்பு கல்லூரிப் பையில் இருக்கும். மத்திய கல்லூரியில் இருந்து வந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024 இல் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணிக்குப் பந்துவீசியதிலிருந்து யாழ்ப்பாணத்துச் சின்னப் பெடியன்கள் எல்லாரும் சுழற்பந்துதான் போடுகிறார்கள். வேகப் பந்துக்கு ஆள் குறைவு, அதைக் கேட்டால் இடம் கெதியாகக் கிடைக்கும் என்று ஒரு பயிற்சியாளர் சொன்னார்.

ஓட்டமும் பந்தும் பிடிக்காத பிள்ளைக்கு

இருக்கிறார்கள், நிறையவே. அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம், ஆனால் தவணை முழுவதும் வகுப்பறையில் தனியே இருக்கவிடவும் வேண்டாம். புள்ளிப் பலகை எழுதுபவர், ஒலிவாங்கியில் அறிவிப்பவர், சாரணர், சென் ஜோன்ஸ் முதலுதவிப் படை, பாண்ட் வாத்தியக் குழு எல்லாம் இதே மைதானத்தில்தான் இருக்கின்றன. இரண்டாவது பெடியன் ஓட்டத்தில் ஒரு புள்ளி எடுத்த பிறகு முதலுதவிக் கூடாரத்தில் பஞ்சு எடுத்துக் கொடுக்கப் போனான், இப்போது கட்டுப்போடத் தெரியும்.

பேச்சு, பாவோதல், கட்டுரை, கவிதை வருகிற பிள்ளைக்குத் தமிழ்மொழித் தினப் போட்டி இருக்கிறது. பாடசாலையில் தொடங்கிக் கோட்டம், வலயம், மாகாணம் கடந்து தேசிய மட்டம் வரை போகும். வெளியே நடப்பது பிறகுதான் என்றாலும் கல்லூரிக்குள் ஆள் தெரிவு செய்வது இந்தச் சந்தடிக்குள் ஒருநாள் சத்தமில்லாமல் நடந்துவிடும். தமிழ் ரீச்சரிடம் முன்பே பெயர் கொடுத்துவையுங்கள்.

கொப்பி

பயிற்சிக்கென்று பாதி வகுப்பு வெளியே போய்விடும், ஆனால் பாடம் நடக்கும். வெள்ளிக்கிழமை இரவு எல்லாக் கொப்பியையும் ஒருமுறை புரட்டுங்கள். கடைசியாக எழுதிய திகதியைப் பார்த்தாலே எந்தப் பாடத்தில் எத்தனை நாள் போயிற்று என்று விளங்கும். விட்டதை ஞாயிறு காலை ஒரு நண்பனின் கொப்பியைப் பார்த்து எழுதட்டும். படமெடுத்து அனுப்பினால் எழுதமாட்டான், கொப்பியைக் கையில் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று எழுதுவான். விஞ்ஞானமும் கணிதமும்தான் முதலில், மற்றவை ஓரளவு தானாகப் பிடிபடும்.

பெருஞ்சமருக்கும் பரீட்சைக்கும் நடுவில் கிடைக்கும் நாட்கள் கொஞ்சம்தான். அந்த நாட்களில் பிள்ளைக்குத் தொண்டை அடைத்திருக்கும், முகம் கறுத்திருக்கும், எட்டு மணிக்கே நித்திரை வரும். முதல் இரண்டு இரவு நித்திரை கொள்ள விடுங்கள். மூன்றாம் நாள் கொப்பியைத் திறக்கலாம். முதலாந் தவணைப் புள்ளி குறையும், எங்கள் பெடியன்கள் இருவருக்கும் குறைந்தது, இரண்டாந் தவணையில் ஏறியது.

பரீட்சை முடிந்து சித்திரை வருடப்பிறப்புக்கு வீட்டைக் கழுவும்போது அந்த ரீசேட்டை எறிந்துவிடாதீர்கள். சாயக் கறையும் ஓலைக் கறையும் போகாது, ஆனால் அடுத்த தைமாதம் அதே நிறத்தில், "நாளைக்கு வேணும்" என்று பின்னேரம் ஆறு மணிக்கு வந்து நிற்பான்.